படத்தின் ஓரத்தில் நிற்பவர்

கல்லூரி மலர் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் முதலில் தேடுவது தத்தம் படத்தைத்தான். நானும் அதற்கு விலக்கல்லன். என் மாணவப் பருவத்து மலர் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்து, தாள் பழுப்பேறிவிட்டது. அதில் டென்னிஸ் குழுவினர் படம் ஒன்று உண்டு. நாற்காலிகளில் முதல்வரும் துணை முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும் பேரவைச் செயலரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் மட்டைகளை ஏந்தி ஆறு மாணவர்கள் நிற்கின்றனர். அம்மாணவர்களுக்கும் அப்பால், வலது ஓரத்தில், தோளில் துண்டும் கையில் பந்துப் பையுமாக ஒருவர் நிற்கிறார். படத்தின் கீழே அனைவர் பெயரும் இடமிருந்து வலமாக அச்சாகியிருக்கின்றன. அவர் பெயர் மட்டும் இல்லை.

அவர்தாம் அந்த ஆறு மாணவர்களுக்கும் ஆட்டம் கற்றுக்கொடுத்தவர்.

தமிழ்த்துறை மலரில் டென்னிசுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆசிரியரைப் போற்றுவது தமிழ் மரபு. நன்னூலார் தம் நூலின் பொதுப்பாயிரத்திலேயே நல்லாசிரியர் இலக்கணத்தை வகுத்துவைத்தார். அவ்விலக்கணம் ஏட்டுக் கல்விக்கு மட்டும் உரியதா, களத்தில் நின்று கற்பிப்பவருக்கும் உரியதா என்னும் கேள்வி தமிழாசிரியன் ஒருவன் கேட்கத்தக்க கேள்வியே ஆகும். களத்து ஆசிரியரை நம் கல்லூரிகள் ஆசிரியராக மதிக்கவில்லை என்பதும், அதனால் இழந்தவர்கள் நம் பிள்ளைகளே என்பதும் என் கருத்து. அதனை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

கற்பிப்பவர் இன்றிக் கைவராத கலை

டென்னிசை வரிப்பந்தாட்டம் என்று தமிழில் வழங்குவர். 78 அடி நீளமும், ஒற்றையர் ஆட்டத்துக்கு 27 அடி அகலமும், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலமும் கொண்டது அதன் களம். நடுவே கட்டப்படும் வலை மையத்தில் 3 அடி உயரமும் கம்பங்களில் மூன்றரை அடி உயரமும் இருக்கும். சொல்லக் கேட்டால் எளிய ஆட்டம்தான். ஆனால் கால்பந்தையும் கபடியையும் தெருப் பிள்ளைகள் தாமே பழகிக்கொள்வது போல் டென்னிசைப் பழக இயலாது. மட்டையைப் பிடிக்கும் பிடி சற்றே பிசகினாலும் பந்து வலையில் விழும், அல்லது வேலியைத் தாண்டும். தவறான பிடி ஓராண்டு கையில் ஊறிவிட்டால் அதனை மாற்ற ஈராண்டு ஆகும். கால் எங்கே நிற்க வேண்டும், தோள் எப்போது திரும்ப வேண்டும், பந்தின் எந்தக் கணத்தில் கண் நிலைக்க வேண்டும் என்பனவற்றை அருகில் நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். ஒரு மாணவனுக்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பந்துகளை ஒரே சீராக எறிந்துதர அவருக்குப் பொறுமையும் வேண்டும்.

எனவேதான் டென்னிஸ் வரலாற்றில் ஆடியவர் பெயருக்குப் பின்னால் ஆட்டுவித்தவர் பெயர் ஒன்று எப்போதும் மறைந்து நிற்கிறது. நம் தமிழகத்து வரலாறே அதற்குச் சான்று.

தந்தை ஆசிரியரானார்

1937இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனுக்குப் பயிற்றுநராக வாய்த்தவர் அவருடைய தந்தை டி.கே.இராமநாதன். தந்தையும் ஆட்டக்காரர். தாம் ஆடிக் கற்றதை மகனுக்குக் கையளித்தார். அதன் பயன் 1954இல் விளைந்தது. விம்பிள்டன் இளையோர் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை இறுதியாட்டத்தில் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் என்னும் பெருமையை கிருஷ்ணன் அடைந்தார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறினார். அந்த 1961இல் கால் இறுதியில் அவரிடம் நேர் ஆட்டங்களில் தோற்றவர் ராய் எமர்சன் என்றால் அவருடைய ஆற்றலை உணரலாம். 1966இல் இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி வரை சென்றதற்கும் அவரே தூணாக நின்றார்.

இவ்வரலாற்றில் கல்லூரிகள் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1951இல் சென்னையில் பெர்ட்ராம் போட்டி என்னும் டென்னிஸ் போட்டி நடைபெற்றது. கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரிய போட்டி அது. பள்ளிச் சிறுவனாக இருந்த கிருஷ்ணன் அதில் ஆட விரும்பி, இலயோலாக் கல்லூரி முதல்வர் கோர்டனிடம் சிறப்பு அனுமதி வேண்டினார். முதல்வர் இசைந்தார். சிறுவன் கல்லூரி மாணவர்களையெல்லாம் வென்று கோப்பையைப் பெற்றான். விதியைக் காட்டி அம்முதல்வர் கதவை அடைத்திருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க முடியாது. ஆயினும் அவர் கதவைத் திறந்தார். ஒரு கல்லூரி முதல்வரின் ஒரு சொல் ஒரு பிள்ளையின் வாழ்வில் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காலத்தில் பணத்துக்கு ஆடுவோர் தொழில்முறை ஆட்டக்காரர் எனப்பட்டனர். அவர்களுக்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. 1968இல்தான் அந்தச் சுவர் இடிந்து, இரு சாராரும் ஒரே களத்தில் ஆடும் காலம் பிறந்தது. அதற்கு முன், 1959ஆம் ஆண்டளவில், ஜாக் கிராமர் என்னும் அமெரிக்கர் மூன்றாண்டுக்கு 1,50,000 டாலர் உறுதி கூறி கிருஷ்ணனைத் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அந்நாளில் அது மலைக்கத்தக்க தொகை. ஆடிப் பொருளீட்டுவதும், ஆட்டத்தின் பொருட்டு அப்பொருளை விலக்குவதும் எவ்வளவு கடினமான தெரிவுகளாக இருந்தன என்பதை இதனால் அறியலாம். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராகவே வாழ்ந்து, 1989இல் ஆஸ்திரேலியாவில் அப்போதைய உலக முதல்வர் மட்ஸ் விலாண்டரையும் வீழ்த்தினார். பின்னர்த் தந்தையும் மகனும் சென்னையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்போராயினர். பாட்டனார் ஏற்றிய விளக்கு மூன்றாம் தலைமுறையிலும் அணையவில்லை.

அக்தர் அலியின் வாழ்வு

தந்தையே ஆசிரியராக வாய்ப்பது எல்லோர்க்கும் கிட்டுவதன்று. ஊராருக்கெல்லாம் ஆசிரியராக விளங்கிய ஒருவரைக் காண வேண்டுமானால் கொல்கத்தாவின் அக்தர் அலியை நினைக்க வேண்டும். 1939இல் பிறந்த இவர் 1955இல் விம்பிள்டன் இளையோர் போட்டியின் அரையிறுதி வரை சென்றவர். 1958 முதல் 1964 வரை டேவிஸ் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். அவருடைய ஆட்டக் காலம் குறுகியது. அதன்பின் தொடங்கிய ஆசிரியக் காலமோ நெடியது. பல்லாண்டுகள் இந்திய டேவிஸ் கோப்பை அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். நம் சென்னையின் அமிர்தராஜ் உடன்பிறந்தார், ரமேஷ் கிருஷ்ணன், பின்னர் லியாண்டர் பயஸ் எனத் தலைமுறைகள் பல அவருடைய பார்வையில் வளர்ந்தன. 2021 பிப்ரவரியில் தம் 81ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவருக்கு அஞ்சலி செலுத்தியோர் வரிசையே இந்திய டென்னிசின் வரலாறாக அமைந்தது.

அவருடைய மகன் ஜீஷான் அலியும் அதே வழியில் வந்தவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடியவர். முதுகுக் காயம் அவருடைய ஆட்ட வாழ்வை இளமையிலேயே முடித்துவைத்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு வேறு தொழிலை நாடாமல், அவரும் பயிற்றுநரானார். 2013 முதல் இந்திய டேவிஸ் கோப்பை அணியின் பயிற்றுநராகப் பணியாற்றினார். விளையாட்டு வீரனின் வாழ்வு முப்பது வயதில் முடிந்துபோவதாக எண்ணிப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இத்தந்தையும் மகனும் அவ்வச்சத்துக்கு விடையளிக்கின்றனர்.

ஆனால் நாடு பயிற்றுநர்களை எப்படி மதித்தது? சிறந்த பயிற்றுநர்க்கென்று துரோணாச்சாரியார் விருதை இந்திய அரசு 1985இல் ஏற்படுத்தியது. டென்னிஸ் துறையில் அவ்விருதை முதலில் பெற்றவர் நரேஷ் குமார். 1990இல் பதினாறு வயது பயசை டேவிஸ் கோப்பை அணிக்குத் துணிந்து தேர்ந்தெடுத்தவர் அவர். அவருக்கு அவ்விருது எப்போது வந்தது தெரியுமா? 2020இல், அவர் தொண்ணூற்றொரு வயதைக் கடந்திருந்தபோது! விருது பிறந்து 35 ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒரு டென்னிஸ் பயிற்றுநர் அதற்குத் தகுதியுடையவராகக் காணப்பட்டார். தலைநகரத்திலேயே நிலைமை இதுவாயின் திண்டுக்கல் சமவெளியில் பந்துப் பையைச் சுமந்து திரிந்த ஒருவரை யார் கண்டுகொள்வார்?

கோவையிலிருந்து ஒரு பெண்

நம் பெண்மக்களும் இவ்வரலாற்றில் பங்குடையவர்கள். 1976இல் கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதனுக்கும் முதற் பயிற்றுநர் தந்தையே. பெருநகரத்து வசதிகள் அற்ற ஊரிலிருந்து புறப்பட்ட அவர், 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியின் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்றார். 1968க்குப் பிந்தைய காலத்தில் பெரும்போட்டி ஒன்றின் ஒற்றையரில் அவ்வாறு வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. ஓய்வுக்குப் பின் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பயிற்றுநராகப் பணிபுரிந்து வருகிறார். தம்மிடம் இருந்த கலையைக் கற்றுக்கொடுக்க ஒரு கோவைப் பெண் கடல் கடந்து போக நேர்ந்தது. அங்குள்ள பிள்ளைகள் அவரிடம் கற்கின்றனர். அவருடைய அனுபவத்தை நாடி நம் கல்லூரிகள் எத்தனை முறை அவரை அழைத்திருக்கின்றன என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐதராபாத்தின் சானியா மிர்சாவை அறியாதார் இலர். அவரையும் முதலில் வழிநடத்தியவர் தந்தை இம்ரான் மிர்சாதாம். இரட்டையர், கலப்பு இரட்டையர் பிரிவுகளில் ஆறு பெரும்பட்டங்களை வென்று, 2015இல் பெண்கள் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை எய்தி, 2023இல் ஓய்வுபெற்றார். கிருஷ்ணன், ஜீஷான், நிருபமா, சானியா என்னும் இந்நால்வருக்கும் வீட்டிலேயே ஒருவர் வழிகாட்டியாக இருந்தார். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? தோல் பதனிடும் தொழிலாளியின் மகனும், பூட்டுப் பட்டறைக்காரரின் மகளும் யாரிடம் கற்பார்கள்? இவ்வினாவுக்குக் கல்லூரி ஒன்றுதான் விடையாக இருக்க முடியும்.

கல்லூரியே களமான நாடு

அமெரிக்காவில் அவ்விடையைக் கண்டனர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் பயிற்றுநர் முழுநேரப் பணியாளர். ஆண்டு முழுவதும் மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்றுவிப்பதும் போட்டிகளுக்கு அழைத்துச் செல்வதும் அவர் கடமை. முன்னாள் ஆட்டக்காரர் பலர்க்கு அதுவே இரண்டாம் வாழ்வு. ஆட்டத்தில் சிறந்த மாணவர்களுக்குப் படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கிறது.

இதன் பயனை நம்மவர் ஒருவரும் துய்த்தார். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பிரையன் போலண்ட் என்னும் பயிற்றுநரின் கீழ் ஆடினார். 2007, 2008 ஆகிய ஈராண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2007 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர், பின்னாளில் உலகப் புகழ் எய்திய நெடிய உருவத்தினரான ஜான் ஐஸ்னர். அடுத்த ஆண்டில் ஆடிய 45 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே அவர் தோல்வியுற்றார். படிப்பை விட்டு ஆட்டத்தைத் தேடவில்லை. ஆட்டத்துக்காகப் படிப்பைத் துறக்கவும் இல்லை. பட்டமும் பெற்று, பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரராகி, 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம் வென்றார். படிப்பும் விளையாட்டும் ஓருறைக்குள் இரு வாள்கள் என்று சொல்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நாங்கள் செய்த பிழை

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது.

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். பேகம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் தோல் வாடையும் சுருட்டுப் புகையிலை வாடையும் கலந்து வீசிய காலம் அது. நான் பயின்ற கல்லூரியில் செம்மண்ணாலான டென்னிஸ் களம் ஒன்று இருந்தது. படத்தின் ஓரத்தில் நிற்கிறார் என்று நான் குறிப்பிட்டவர் விடியற்காலையில் வந்து அக்களத்துக்கு நீர் தெளிப்பார். உருளையை இழுத்து மண்ணை இறுக்குவார். சுண்ணாம்புக் கோடு இடுவார். அதன் பிறகுதான் மட்டையை எடுப்பார். சிறுவயதில் ஏதோ ஒரு மன்றத்தில் பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்து, உறுப்பினர்களோடு ஆடும் மார்க்கராக உயர்ந்து, பின்னர்ப் பணப் பரிசுப் போட்டிகளுக்காக ஊர் ஊராக இரயிலேறிப் போனவர் என்று கேள்வி. அவரே அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் நல்ல ஆட்டக்காரன் அல்லன். முதல் மாதம் முழுவதும் என்னைச் சுவரோடுதான் ஆடவைத்தார். 'சுவர் ஒருபோதும் தவறாது தம்பி, தவறினால் அது நீதான்' என்பார். பந்தை அடித்த பின் அது எங்கே போயிற்று என்று பார்க்க விடமாட்டார். அடித்த இடத்திலேயே கண் நிற்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வகுப்பறையில் செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது, சொன்ன சொல்லில் மனம் நில்லாமல் அடுத்த வரிக்குத் தாவும் என் குற்றத்தை நான் உணர்ந்தேன். அப்போது அவருடைய குரலே என் காதில் ஒலித்தது.

அவருக்குக் கல்லூரி தந்த பதவி என்ன? பயிற்றுநர் என்னும் பெயரில் பணியிடம் இல்லை. ஆதலால் மைதானப் பணியாளர் என்னும் கணக்கில் நாட்கூலி பெற்றார். விடுமுறை நாட்களுக்குக் கூலி இல்லை. ஆசிரியர் அறைக்குள் அவர் வந்ததை நான் கண்டதில்லை.

நான் இறுதியாண்டு படிக்கும்போது இருசக்கர வண்டிகள் பெருகின. வண்டிகளை நிறுத்த நிழலிடம் வேண்டும் என்று மாணவர்கள் கோரினோம். அதற்கு ஏற்ற இடம் டென்னிஸ் களமே என்று விண்ணப்பம் எழுதப்பட்டது. விண்ணப்பத்தின் தமிழ் நன்றாக இருக்க வேண்டும் என்று அதனை என்னிடம் எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். கையொப்பமும் இட்டேன். களத்தில் ஆறு பேர்தாம் ஆடுகின்றனர், வண்டியில் வருவோரோ அறுபது பேர் என்று அதில் நான் கணக்குக் காட்டியது நினைவிருக்கிறது. ஆறு பேர் ஏன் அறுபது பேர் ஆகவில்லை, ஒரே ஒரு களத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்கூலிக்காரர் எத்தனை பேருக்குக் கற்பிக்க முடியும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கோடை விடுமுறை முடிந்து சான்றிதழ் வாங்கப் போனபோது, களத்தின்மேல் தகரக் கூரை நின்றது. அவர் இல்லை. எங்கே போனார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியாது.

இதில் அக்கல்லூரியை மட்டும் நான் குறை கூறவில்லை. அவர்கள் கூரை போட்டார்கள். அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான்.

மறுப்புகளும் விடைகளும்

டென்னிஸ் செல்வர்களின் ஆட்டம், ஏழைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. மட்டையும் பந்தும் விலையுயர்ந்தவை என்பது உண்மை. ஆனால் அவற்றைக் கல்லூரி வாங்கி வைத்தால் பல மாணவர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். வேதியியல் கூடத்துத் தராசை ஒவ்வொரு மாணவனும் சொந்தமாகவா வாங்குகிறான்? செல்வர்களின் ஆட்டமாக அது நிலைத்ததற்குக் காரணமே, செல்வர்களின் மன்றங்களுக்கு வெளியே அதனைக் கற்பிக்க ஆள் வைக்கப்படாமைதான்.

படித்து வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் கவனம் சிதறாதா என்பது மற்றொரு மறுப்பு. இரயில்வேயும் காவல்துறையும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வீரர்க்கென இடம் ஒதுக்குகின்றன. உயர்கல்விச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கு ஒதுக்கீடு உண்டு. அவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். தோற்ற பின்னும் வலையருகே சென்று வென்றவனின் கையைப் பற்றக் கற்றுக்கொள்ளும் இளைஞன், நேர்முகத் தேர்வு ஒன்றில் தோற்றால் மனம் உடைந்துபோக மாட்டான். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இப்பயிற்சி மிகவும் வேண்டும் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவர்.

நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகக் கற்பிப்பாரா என்று கேட்பது நியாயமான கேள்வி. கற்பிக்கவும் பயிற்சி தேவை. பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கிவரும் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்றுநர்க்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. ஆடிய அனுபவம் உள்ள ஒருவரைக் கல்லூரியே அப்படிப்புக்கு அனுப்பி வைக்கலாம். விரிவுரையாளர்களை ஆய்வுப் பட்டத்துக்கு அனுப்புகிறோம் அல்லவா? அதே அறம் இதற்கும் பொருந்தும்.

செய்ய வேண்டுவன

கல்லூரி நிர்வாகத்தார்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் பணிவுடன் நான்கு கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, பயிற்றுநர்க்கு அப்பெயரிலேயே பணியிடம் வேண்டும். மைதானப் பணியாளர் கணக்கில் ஊதியம் தருவது அவருக்கும் இழிவு, கல்லூரிக்கும் இழிவு. ஆண்டு முழுமைக்கும் ஊதியமும் ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியும் அவருக்கு உரியன.

இரண்டாவதாக, ஒரு கல்லூரியால் தனித்து இச்செலவைத் தாங்க இயலாவிடின், ஒரே வட்டாரத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளலாம். ஆளுக்கு இரு நாள் என வகுத்துக்கொண்டால் எவர்க்கும் சுமையில்லை.

மூன்றாவதாக, பெண்களுக்கெனத் தனி நேரமும், வேண்டுமாயின் சுற்றுமறைப்பும், கூடுமானால் பெண் பயிற்றுநரும் ஏற்பாடு செய்ய வேண்டும். பெற்றோர் தயங்குவதற்கு உரிய காரணத்தை நீக்கிவிட்டால் பெண்கள் தாமாகவே முன்வருவர்.

நான்காவதாக, நம் பெரியோர் அறக்கட்டளைகள் நிறுவி ஏழை மாணவர்க்கு உதவித்தொகையும் நூல்களும் வழங்குகின்றனர். அதற்கு நாம் என்றும் நன்றியுடையோம். அவ்வறத்தின் ஒரு சிறு பகுதியைக் களத்துக்கும் திருப்பக் கூடாதா? பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மட்டை தந்தாலே முதல் ஆண்டுக்குப் போதும். சுவர் ஒன்று எல்லாக் கல்லூரியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

நிறைவாக

அன்புடைய மாணவர்களே! இம்மலரில் உங்கள் படமும் இடம்பெற்றிருக்கலாம். உங்களைச் சுற்றி நிற்பவர்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் பெயரின்றி ஒருவர் நிற்கிறாரா என்று தேடுங்கள். அவர் விளையாட்டுப் பயிற்றுநராக இருக்கலாம், ஆய்வுக்கூட உதவியாளராக இருக்கலாம், நூலகத்தில் நூல் எடுத்துத் தருபவராக இருக்கலாம். அவர் பெயரைக் கேட்டறிந்து, அச்சுக்குப் போகுமுன் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் அதனைச் செய்யத் தவறினேன். மாணவப் பருவம் முழுவதும் அவரை 'மாஸ்டர்' என்று மட்டுமே அழைத்தோம். அவருடைய இயற்பெயர் என்ன என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. இன்று அந்த மலரை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவால் அவர் பெயரையாவது எழுதிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். எழுதுவதற்குப் பெயர் தெரியவில்லை. தமிழ் படித்து, தமிழ் கற்பித்து, சொற்களோடு வாழ்நாளைக் கழித்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேறில்லை.

அத்தோல்வி உங்களுக்கு வேண்டாம்.